லேத்துக்குக் கட்டிய கயிறு

அண்ணைக்குக் காது போனது எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில். இணுவிலில் எங்கள் வளவின் வேலியோரப் பனையடியில் ஷெல் விழுந்தபோது அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஈர முகத்தோடு வீட்டுக்குள் வந்து, "ஏன்டி வாயை மட்டும் அசைக்கிறாய்? சத்தமாக் கதையன்" என்று என்னைப் பேசினார். நான் அப்போது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே போய்விட்டார். அப்பா ஷெல் விழுவதற்கு இரண்டு வருடம் முன் நெஞ்சு நோவில் போனார். அண்ணைக்கும் எனக்கும் கலியாணம் சரிவரவில்லை. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை, சாதகம் பார்த்தவர்களுக்கு வேலை கிடைத்ததுதான் மிச்சம். நான் விறாந்தையில் தையல் மெஷினோடு இருந்தேன். அண்ணை பின்வளவுத் தகரக் கொட்டிலில் அப்பா விட்டுப்போன லேத்தோடு இருந்தார்.

லேத் என்பது இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்துச் சுழலவிட்டு, பக்கத்திலிருந்து உளியைக் கொடுத்துச் சீவியெடுக்கிற மெஷின். கண்ணால் செய்கிற வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது பாதிக்குமேல் காதால் செய்கிற வேலை. உளி நன்றாக வெட்டும்போது ஒரு சத்தம், மழுங்கினால் ஒரு சத்தம், இரும்பு அதிரத் தொடங்கினால் வேறொரு சத்தம். காது போன பிறகு அண்ணை ஒரே கிழமையில் மூன்று உளிகளை உடைத்தார். பெருவிரல் நகம் பாதியாகப் போனது. மெஷினைச் சாக்கால் மூடிவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஏறக்குறைய மூன்று வருடம் அப்படித்தான் படுத்திருந்தார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது கொஞ்சம், எரிச்சல் வந்தது நிறைய. அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. சமைத்து, தைத்து, சிலேட்டில் எழுதி எழுதிக் கதைத்து என் கைதான் தேய்ந்தது.

தொண்ணூறில் மின்சாரம் நின்றுபோனது. ஊரிலிருந்த பட்டறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சடங்கின. ஆனால் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டுமே. மண்ணெண்ணெயில் ஓடிய இறைப்பு மெஷின்களின் உள்ளே தேய்ந்துபோகிற பித்தளை வளையங்களைக் கடைந்து கொடுக்க ஆளில்லை. புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் தேய்ந்த வளையத்தைக் கொண்டுவந்து அண்ணையின் கட்டிலடியில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் குந்தியிருந்தார். அரை மணித்தியாலம் இருந்திருப்பார். அண்ணை எழும்பிப் போய்ச் சாக்கை இழுத்து எறிந்தார்.

எங்கள் இறைப்பு மெஷினையே கொட்டிலுக்கு வெளியே நிறுத்தி, சுவரிலே துளை போட்டு, பெல்ட்டை உள்ளே கொண்டுவந்தார். மேலே ஒரு இரும்புத் தண்டில் இரண்டு சில்லுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றும், லேத்தை ஓட்டும். மற்றது சும்மா சுற்றும். ஒரு மரக் கவை பெல்ட்டை இந்தச் சில்லிலிருந்து அந்தச் சில்லுக்குத் தள்ளினால் இயந்திரம் வெளியே ஓடிக்கொண்டிருக்க, லேத் மட்டும் நின்றுவிடும். விளக்கில்லாத காலம் என்பதால் லேத்தை யன்னலுக்குக் கீழே நகர்த்தினோம். நானும் நான்கு அயலவர்களும் தள்ளினோம். எனக்கு இடுப்புப் பிடித்ததுதான் கண்ட பலன்.

காதுக்கு என்ன செய்வது? முதலில் அண்ணை அளவு பார்க்கிற ஒரு மர அடிமட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அதன் மறுநுனியை லேத்தின் தலையில் முட்டவைத்து வேலை செய்தார். அதிர்வு பல்லுக்குள் கேட்கிறதாம். இரும்போடு ஏதோ இரகசியம் கதைப்பவர்போல அவர் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உமிழ்நீர் வேறு வழிந்தது. "பாக்கச் சகிக்கேல்லை" என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு, ஒரு பலாப் பலகையை லேத்தின் காலோடு இறுக்கிப் பூட்டச் சொன்னேன். வெறுங்காலைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றார். உளியைத் தொடவைக்கும் முன் ஒரு கணம் கண்ணை மூடுவார். முகம் ஒரு மாதிரி மாறும். பாதத்தால் கேட்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அந்த நேரத்தில் கொட்டிலுக்குள் நிற்க மாட்டேன்.

வேலை திருந்தி வந்தது. ஆனால் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தால்? ஊரிலே எல்லோரும் சத்தம் கேட்டுத்தான் நிலத்தில் வெட்டிய பங்கருக்கு ஓடுவது. ஒருநாள் வானத்தில் இரைச்சல் எழும்பியபோது நான் கொட்டிலுக்குள் ஓடிப்போய் அண்ணையின் தோளைப் பின்னாலிருந்து தொட்டேன். அவர் துள்ளிய துள்ளலில் கை சுழலும் இரும்புக்குள் போகப் பார்த்தது. அன்றைக்குக் குண்டு எங்கேயோ தூரத்தில்தான் விழுந்தது.

"இனிப் பின்னாலை வந்து தொடாதை. பொம்மர் கொல்லாட்டில் நீ கொல்லுவாய்" என்றார். காது கேளாததால் அவர் எதையும் ஊருக்கே கேட்கத்தான் சொல்லுவார்.

கயிறு என் யோசனை. தையல் மெஷினில் நூல் சுற்றுகிற பொபினுக்கு ஒரு சின்னக் கொளுக்கி உண்டு. பொபின் நிரம்பியதும் கொளுக்கி தானாக விடுபட்டு, சுற்றுவது நின்றுவிடும். அதைப் போலவே மரக் கவைக்கும் ஒரு கொளுக்கியும் சைக்கிள் சீற்றின் ஸ்பிரிங்கும் வைக்கச் சொன்னேன். கொளுக்கி விடுபட்டால் ஸ்பிரிங் கவையை இழுத்து பெல்ட்டைச் சும்மா சுற்றுகிற சில்லுக்குத் தள்ளிவிடும். கையால் தட்டினாலும் விடுபடும், கயிற்றால் இழுத்தாலும் விடுபடும். குருநகர்ப் பக்கத்திலிருந்து வாங்கிய வலைக்கயிறு. கொட்டிலிலிருந்து வேம்பின் கீழால், வெறும் நூற்கட்டைகளின்மேல் ஓடி, விறாந்தையில் என் தையல் மெஷினுக்கு வலப்பக்கம் கை நுழைகிற அளவு வளையமாக முடிந்த ஒரு தடமாக வந்து தொங்கியது. மெஷின் திடீரென்று நின்றால் அண்ணை கையை எடுத்துவிட்டு வெளியே வருவார்.

"சத்தம் கேட்டால் முதல் கயிறு. பிறகு பங்கர்" என்றார் அண்ணை. நான் தலையாட்டினேன். அவருடைய உயிர் என் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தக் கயிற்றோடு இருப்பது விசித்திரமாக இருந்தது. இறுக்கிக் கட்டியிருந்ததால் லேத்தின் நடுக்கம் அதில் ஓடும். விரலை வைத்தால் அண்ணை தடித்த இரும்பு வெட்டுகிறாரா, மெல்லிய பித்தளையா என்று சொல்லிவிடுவேன். மெஷின் ஓடாத நேரத்திலும் சிலவேளை அது ஒருமுறை சுண்டும். அணில் ஏறியிருக்கும், காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தையலைத் தொடர்வேன்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள், நடு மத்தியானம். உச்சிப்பொழுதில் எங்கள் பக்கத்தில் ஆட்கள் வெளியே திரிவதில்லை. ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் இல்லை, வேம்பில் காகம்கூட இல்லை. நான் நிலத்தில் பாய் விரித்துச் சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். தடம் தலையில் முட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தூக்கித் தூணிலிருந்த ஆணியில் மாட்டியிருந்தேன்.

அன்றைக்குப் பொம்மர் வட்டமடிக்காமல் வந்தது. கூரைக்கு மேலேயே சத்தம் பிறந்ததுபோல இருந்தது. நான் ஓடினேன். ஆணியிலிருந்து ஒரு முழம் தூரத்தால்தான் ஓடியிருக்கிறேன். கிணற்றுக்குப் பக்கத்திலிருந்த பங்கருக்குள் இறங்கி, காதைப் பொத்திக்கொண்டு குந்திய பிறகுதான் கயிறு ஞாபகம் வந்தது. திரும்பிப் போக நேரம் இருந்ததா என்று பிறகு என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இருந்தது. நான் போகவில்லை. கால் எழும்பவில்லை என்று எழுதலாம், ஆனால் கால் நன்றாகத்தான் இருந்தது. சாகப் பயம், அவ்வளவுதான்.

அப்போது பங்கர் வாசல் இருண்டது. அண்ணை உள்ளே இறங்கி என் பக்கத்தில் குந்தினார்.

"நல்லகாலம், இழுத்தாய்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். குண்டு விழுந்தது. மண் கொட்டியது.

வெளியே வந்து பார்த்தால் பின்தோட்டத்தில் விழுந்திருந்தது. கொட்டிலின் தகரத்தில் உள்ளங்கையளவு ஓட்டை, அண்ணை கால்வைத்து நிற்கிற பலகைக்கு நேரே, நெஞ்சு உயரத்தில். வெளியே இறைப்பு மெஷின் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. கொளுக்கி விடுபட்டு, கவை ஒதுங்கி, பெல்ட் சும்மா சுற்றுகிற சில்லில் சுற்றிக்கொண்டிருந்தது. லேத் அசையாமல் நின்றது.

நான் விறாந்தைக்கு ஓடினேன். தடம் ஆணியில் நான் மாட்டியபடியே இருந்தது. முடிச்சுக்கூடத் திரும்பவில்லை.

அண்ணையை அப்போதே கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் நான் இழுக்கவில்லை என்று முதலில் சொல்லவேண்டும். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றைக்குப் பின்னேரமே அவர் பக்கத்து வளவு அக்காவிடம், "தங்கச்சி இழுத்தபடியாத்தான் நான் இப்ப உங்களோடை கதைக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் கன்னத்தைத் தடவினார். நான் அடுப்பைப் பார்க்கப் போகிறதுபோல உள்ளே போனேன்.

அப்படியென்றால் யார் இழுத்தது? அப்பா உயிரோடு இருந்தபோது மத்தியானச் சோற்றுக்கு அண்ணையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, கடைசியில் தானே வந்து லேத்தை நிறுத்திவிட்டுப் போவார். இந்த நேரம்தான், இந்த உச்சிப்பொழுதுதான். அப்பாதான் வந்து நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை தலை தோய்ந்துவிட்டு, கொளுக்கிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, கீழே மண் சிட்டியில் விளக்கேற்றினேன். தேங்காயெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம், கறிக்குக்கூடத் தாளிதம் இல்லை. அப்பாவுக்குத் தட்டுப்பாடு வைக்கவில்லை. அண்ணை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உளியைத் தீட்டப் போனார்.

அதற்குப் பிறகுதான் உண்மையில் பயம் தொடங்கியது.

அந்த நாளுக்குப் பின் நான் ஒருமுறைகூடப் பிந்தவில்லை. பொம்மரின் முதல் இரைச்சலுக்கே என் கை கயிற்றில் இருக்கும். இழுப்பேன். கயிறு இலேசாக வரும். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லாததுபோல வரும். கொளுக்கி ஏற்கெனவே விடுபட்டிருக்கும், அண்ணை கொட்டில் வாசலைத் தாண்டிக்கொண்டிருப்பார். ஒருமுறையல்ல, ஒவ்வொரு முறையும். தேத்தண்ணிக்குக் கூப்பிட இழுத்தால் கயிறு வழக்கம்போலப் பாரமாக இருக்கும், இழுத்த பிறகுதான் மெஷின் நிற்கும். பொம்மருக்கு மட்டும் எனக்கு முன்னால் யாரோ இழுத்துவிடுகிறார்கள்.

பக்கத்து வளவு அக்காவும் கவனித்துவிட்டார். "உவருக்குக் காது திரும்பிட்டுதோடி?" என்றார். அண்ணை சோறு தின்றுகொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் நின்று செப்புக்குடத்தை நிலத்தில் போட்டுப் பார்த்தேன். கோழிகள் பறந்தன. அண்ணை குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. வேலை செய்யும்போது அவர் தலையை நிமிர்த்தத் தொடங்கினார். உளி இரும்பில் இருக்கும், கை பிடியில் இருக்கும், கண் மட்டும் யன்னலால் வெளியே போகும். ஒரு இடத்தையே பார்ப்பார். பிறகு குனிவார். ஒரு நிமிடம் ஆகாது, மறுபடியும் நிமிர்வார். அதனால் வேலை கெட்டது. வளையங்களில் கோடு விழுந்தது. அப்பா காலத்திலிருந்தே பெயரெடுத்த கை, தோட்டக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் கோபத்தில் பேசினேன், அவருக்குக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"ஆரை அண்ணை பாக்கிறியள்?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"ஒருத்தரையும் இல்லை" என்று சிலேட்டைக் கையால் துடைத்தார்.

அவர் குளிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம் துணிந்து கொட்டிலுக்குள் போனேன். அவர் நிற்கிற பலகையில் ஏறி, அவரைப் போலவே நிமிர்ந்து யன்னலால் பார்த்தேன். வேம்பு. அதற்குக் கீழால் எங்கள் விறாந்தை, தையல் மெஷின், ஆளில்லாத என் கதிரை. வேறு ஒன்றும் இல்லை. காலடியில் பலகை குளிர்ந்திருந்தது. யாரோ எனக்குப் பின்னால் நிற்பதுபோல இருந்தது. ஓடி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உச்சிப்பொழுதில் தனியே அந்தப் பக்கம் போனதில்லை. விளக்கை மட்டும் வெள்ளிக்கிழமை காலையிலேயே வைத்துவிடுவேன்.

இப்படி நான்கு வருடம் போனது. எங்கள் வளவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்பதை மனது ஏற்றுக்கொண்டுவிட்டது. பயமும் இருந்தது, அவர் அண்ணையைப் பார்த்துக்கொள்கிறார் என்ற ஆறுதலும் இருந்தது. நான் கைவிட்டதை ஒரு செத்த மனிதர் கையேற்றிருக்கிறார் என்று நினைக்கும்போது வெட்கமும் வரும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி ஊரை நெருங்க, எல்லோரும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். ஊர் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிப் பக்கம் போனது. லேத்தைத் தூக்கிக்கொண்டா போகமுடியும்? அண்ணை அதற்கு எண்ணெய் பூசி, சாக்கால் மூடிக் கட்டினார். நான் கொளுக்கிக்குக் கீழே கடைசியாக ஒரு விளக்கு வைத்தேன். அண்ணை சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

மீசாலையில் தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் இடம் கிடைத்தது. மாட்டை மற்றப் பக்கம் கட்டியிருந்தார்கள். இரண்டு கிழமை விடாத மழை. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் அழத் தொடங்கினேன். வீட்டுக்காகவோ தையல் மெஷினுக்காகவோ அல்ல. விளக்கில்லாத கொட்டிலில் அப்பா தனியாக நிற்கிறார் என்ற நினைப்பு வந்துவிட்டது. அண்ணை என்ன என்று கேட்டார். மூட்டைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்தேன். நான்கு வருடமாக எழுதாததை எழுதினேன். "அண்டைக்குக் கயிறு இழுத்தது நானில்லை. நான் விட்டிட்டு ஓடிட்டன். அப்பாதான் இழுத்தவர்."

அண்ணை வாசித்தார். வழக்கம்போலத் துடைக்கவில்லை.

"ஒருத்தரும் இழுக்கேல்லை" என்றார். மழைச் சத்தத்துக்கு மேலால் அவர் குரல் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ ஓடினதை யன்னலாலை கண்டனான். நான்தான் கொளுக்கியைத் தட்டிப்போட்டு வந்தனான். ஓடுற மெசினை விட்டிட்டு வாறதே?"

நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பங்கருக்குள்ளை நீ இருந்த இருப்பைப் பாத்தன். செத்த மாதிரி இருந்தாய். அதுதான் இழுத்தாய் எண்டு சொன்னனான். பிறகு நீ விளக்கு வைக்கத் தொடங்கிட்டாய். சொல்ல மனம் வரேல்லை."

"அதுக்குப் பிறகு?" என்று எழுதினேன். "ஒவ்வொரு தரமும் எனக்கு முன்னம் எப்பிடி வெளியிலை வந்தனீங்கள்?"

"உன்னைப் பாத்துத்தான்" என்றார். "நீ விறாந்தையிலை தலையை நிமித்துவாய். உடனை நானும் வந்திடுவன்."

அவர் குரலில் கோபம் இல்லை. வேலையில் ஒரு அளவைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். கோடு விழுந்த வளையங்கள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான்கு வருடம் நான் ஆவிக்குப் பயந்தேன். அந்த நான்கு வருடமும் அண்ணை என்னை நம்பப் பயந்து, ஓடுகிற இரும்பிலிருந்து கண்ணை எடுத்து எடுத்து, என்னைக் காவல் காத்திருக்கிறார்.

"பிறகு ஒரு நாளும் நான் விடேல்லை அண்ணை. ஒவ்வொரு தரமும் இழுத்தனான்" என்று கோணல்மாணலாக எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிலேட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்தார்.

"இழுத்திருப்பாய் பிள்ளை" என்றார். "நிண்டு பாக்க எனக்குத் துணிவு வரேல்லை."